2,000 வாட் ஹீட்டர் ஏன் 1,600 வாட்தான் தருகிறது?

ஏற்காட்டில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெந்நீர் இல்லாமல் காலைப்பொழுது நகராது. காப்பித் தோட்டங்களில் கரண்ட் மீட்டர் பெரிய வீட்டில் இருக்கும். பிற்பாடு கட்டிய அறைகள் சரிவில் எங்கேயோ கீழே இருக்கும். பெரிய வீட்டிலிருந்தே ஒயர் இழுத்து, கீழே ஒரு 2,000 வாட் ஹீட்டரை மாட்டிவிடுவார்கள். அப்புறம் புகார் வரும்: மேலே அதே ஹீட்டரில் தண்ணீர் சீக்கிரம் சுடுகிறது, கீழே ரொம்ப நேரம் ஆகிறது.

ஹீட்டரைக் குறை சொல்வதற்கு முன்னால் இரண்டே அளவுகள் எடுத்தால் போதும். மல்டிமீட்டரில் வோல்டேஜ், ஒயரைக் கவ்விப்பிடித்து அளக்கும் டாங் டெஸ்டரில் கரண்ட். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மின்தடை ஓமில் கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் திறன் வாட்டில் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஜெர்மன் அறிஞர் ஜியார்க் ஓம் 1827இல் இதில் வகுத்தல் கணக்குக்கான விதியை நூலாக வெளியிட்டபோதும் அவருக்குப் பின்னால் ஒரு வெந்நீர்ப் பாத்திரம் இருந்தது. அந்தக் காலத்து பேட்டரிகள் நிலையான வோல்டேஜ் தராது. அதனால் செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த இணைப்பின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, ஆடாத அசையாத சிறிய மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டார்.

சரி, நம் ஹீட்டருக்கு வருவோம். அதில் 230 வோல்ட், 2,000 வாட் என்று எழுதியிருக்கிறது. 2,000ஐ 230ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். 230ஐ 8.7ஆல் வகுத்தால் சுமார் 26.5 ஓம். இந்த ஓம் கணக்குதான் ஹீட்டரின் சொந்தச் சொத்து. மேலே போனாலும் கீழே வந்தாலும் பெரிதாக மாறாது. 2,000 வாட் என்பது, 230 வோல்ட் அதன் வாசலுக்கு வந்து சேர்ந்தால் மட்டும் கிடைப்பது.

ஹீட்டரின் ராடுக்குள் இருப்பது நிக்ரோம் என்ற நிக்கல்-குரோமியம் கலவையாலான கம்பிச்சுருள். அதற்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே மெக்னீசியம் ஆக்சைடு தூளை அழுத்தி நிரப்பியிருப்பார்கள். சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது, அபூர்வமான குணம். சேர்வராயன் மலையடிவாரத்தில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்லான மேக்னசைட்டைச் சூளையில் சுட்டாலும் கிடைப்பது இதே பொருள்தான். சேலத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர்.

ஒரே நீளம், ஒரே தடிமன் உள்ள கம்பிகளை வைத்துப் பார்த்தால், நிக்ரோமின் தடை செம்பைப்போல 60 மடங்குக்கும் மேல். சேலம் உருக்காலைக்குப் பேர் வாங்கித் தந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்கூட 40 மடங்கு இருக்கும். செம்பைவிடத் தடை குறைந்த உலோகம் வெள்ளி, அதுவும் ஐந்தாறு சதவீதம்தான் குறைவு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் போகும் வெள்ளியை வீட்டு ஒயருக்கு யாரும் கேட்காததில் ஆச்சரியமில்லை.

செம்புக்குத் தடை குறைவு என்றாலும் சுத்தமாக இல்லாமல் இல்லை. 2.5 ஸ்கொயர், அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்பு ஒயர் கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம். கீழ் அறை 200 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆக 400 மீட்டர், கிட்டத்தட்ட 3 ஓம். மொத்தத் தடை 29.5 ஓம் ஆகிவிட்டது. 230ஐ அதனால் வகுத்தால் 7.8 ஆம்பியர். இதில் ஒயரே 23 வோல்ட்டைத் தின்றுவிடுகிறது, ஹீட்டருக்கு மிஞ்சுவது 207 வோல்ட். பெருக்கிப் பார்த்தால் சுமார் 1,615 வாட். 20 நிமிட வேலை 25 நிமிடம் இழுக்கும். இன்னொரு 180 வாட் வழியெல்லாம் ஒயரைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது, மீட்டர் அதற்கும் சேர்த்துத்தான் ஓடும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹீட்டரை நிறுத்திவிட்டுப் பிளக்கில் மீட்டரை வைத்தால் 230 காட்டும். கரண்ட் ஓடாதபோது ஒயரில் இழப்பும் கிடையாது. "வோல்டேஜ் கரெக்டா வருதே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தால்தான் 207 தெரியும். 4 ஸ்கொயர் ஒயர் போட்டால் இழப்பு 15 வோல்ட்டுக்கு இறங்கும், ஹீட்டர் 1,750 வாட்டைத் தொடும்.

லூஸ் கனெக்‌ஷன் இன்னும் மோசம். ஒரு ஜாயின்ட்டில் அரை ஓம் தடை, அதன் வழியே 10 ஆம்பியர் என்றால் வோல்டேஜ் 5தான் குறையும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் சூடு 50 வாட். இரண்டு சால்டரிங் அயர்னின் சூடு ஒரு சுண்டு விரல் நுனியளவு இடத்தில். பிளக் டாப் கருகி உருகுவது இப்படித்தான்.

கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரின் சூடு நான்கு மடங்காகும் என்று ஆங்கிலேய அறிஞர் ஜூல் 1841இல் காட்டினார். மேட்டூரில் உற்பத்தியாகும் மின்சாரத்தை லட்சம் வோல்ட்டுக்கும் மேலே ஏற்றி அனுப்புவதும் கரண்டைக் குறைக்கத்தான்.

இந்தக் கணக்கைச் சேலத்தின் அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி பக்கத்துத் தறி மோட்டார்களுக்கு அப்படியே போட முடியாது. நிற்கும் மோட்டாரின் காயிலை அளந்தால் சில ஓம்தான் காட்டும். அதை வைத்து வகுத்தால் நம்ப முடியாத கரண்ட் வரும். சுற்றும்போது மோட்டாரே ஓர் எதிர் வோல்டேஜை உண்டாக்கி, கரண்டை அடக்கி வைக்கிறது. வாட் கணக்கிலும், வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கியதில் எவ்வளவு பங்கு நிஜத் திறன் என்று சொல்லும் பவர் ஃபேக்டரைச் சேர்த்துப் பெருக்க வேண்டும். லோ வோல்டேஜ் வந்தால் ஹீட்டர் குறைந்த கரண்டை எடுத்துக்கொண்டு மெதுவாக வேலை செய்யும். மோட்டார் அப்படி விடாது. தறியின் சுமை குறையாததால் கூடுதல் கரண்டை இழுக்கும். கரண்ட் 20 சதவீதம் கூடினால் காயிலில் சூடு 44 சதவீதம் கூடும். இது மணிக்கணக்கில் நீடித்தால் காயில் கம்பிமேல் காப்பாகப் பூசிய வார்னிஷ் தாங்காது, அப்புறம் ரீவைண்டிங் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.