நினைவகத்தில் வைத்த சாவி ரகசியம் ஆகிவிடாது

"கிளவுட் சேவையை அணுகும் சாவியைக் கோப்பில் எழுதவே இல்லை, நிரலின் நினைவகத்தில் மட்டும்தான் இருக்கிறது." பாதுகாப்புத் தணிக்கைகளில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அண்மையில் அப்படிச் சொன்ன ஒரு குழு, நினைவகம் போதாமல் நின்றுபோன ஜாவா நிரலின் ஹீப் டம்ப்பை, அதாவது நினைவகத்தின் நகல் கோப்பை, அப்படியே பிழைப் புகாருடன் இணைத்திருந்தது. அதில் 'ஏகேஐஏ' (AKIA) என்று தேடினேன். அமேசான் கிளவுடின் நிரந்தரச் சாவிகளுக்கான 20 எழுத்து அடையாளம் அப்படித்தான் தொடங்கும். உடனே கிடைத்தது. சற்றுத் தள்ளி, 40 எழுத்து ரகசியச் சாவியும் வெட்டவெளிச்சமாக இருந்தது. அந்தப் புகாரைத் திறக்க முடிந்த எவரும் அதை எடுத்திருக்கலாம்.

நினைவகத்தில் இருப்பது வட்டுக்கு வர ஆயிரம் வழிகள் உண்டு: நிரல் முறிந்துபோகும்போது எழுதப்படும் நினைவக நகல் (கோர் டம்ப்), நினைவகம் போதாதபோது அதன் ஒரு பகுதியை வட்டுக்கு மாற்றுவது (ஸ்வாப்), மெய்நிகர் கணினியின் நிலையை அப்படியே சேமிக்கும் ஸ்னாப்ஷாட். வட்டைத் தொடாமலே வெளியேறவும் வழி உண்டு. ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் 2014இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் பிழை, ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகத்தை வெளியே கொட்டியது.

இதைச் சொன்னதும், "அப்படியானால் நினைவகத்திலேயே என்கிரிப்ட் செய்துவிடுகிறோம்" என்கிறார்கள். எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் பதில் இதுதான். அதைத் திறக்கும் சாவி எங்கே இருக்கும்? அதே நிரலின் நினைவகத்தில்தானே! டம்ப் எடுத்தவருக்கு இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். தவிர, ஒவ்வொரு கோரிக்கையிலும் கையொப்பமிட எஸ்டிகே (கிளவுடுடன் பேச நிரல் பயன்படுத்தும் நூலகம்) அதைத் திறந்துதான் ஆக வேண்டும். ஜாவாவில் ஸ்டிரிங்கை (எழுத்துச் சரத்தை) அழித்தெழுதவும் முடியாது. பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பான் பொருள்களை இடம் மாற்றும்போது பழைய பிரதி எங்கே கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

எனவே ஒளித்துவைப்பதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். சாவியின் ஆயுளைக் குறையுங்கள். கிளவுடில் ஓடும் நிரலுக்கு நிரந்தரச் சாவி எதற்கு? ரோல் (நிரந்தரச் சாவி இல்லாமல் அனுமதிகளைத் தரும் அடையாளம்) கொடுங்கள். அமேசானில் ரோல் வழி பெறும் தற்காலிகச் சாவியின் ஆயுளைக் குறைந்தது 15 நிமிடமாக வைக்கலாம்; ஒன்றும் குறிப்பிடாவிட்டால் ஒரு மணி நேரம். காலாவதி ஆகுமுன் எஸ்டிகேயே புதுப்பித்துக்கொள்ளும். அந்த ரோலுக்கும் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள்.

ஜாவா நிரல்களுக்கான ஸ்பிரிங் பூட் சட்டகத்தில், ஹீப் டம்ப்பைத் தரும் முகவரியை வெளியுலகுக்குத் திறந்துவைக்காதீர்கள். உற்பத்திச் சர்வரில் கோர் டம்ப்பை நிறுத்துங்கள். சாவி உள்ளிட்ட அமைப்புகள் அடங்கிய பொருளை முழுதாக லாகில் அச்சிடாதீர்கள். டம்ப் கோப்பைக் கடவுச்சொல் கோப்பாகவே நடத்துங்கள்.

டம்ப் ஏற்கெனவே வெளியே போய்விட்டதா? புகாருடன் இணைத்த கோப்பை நீக்கிவிட்டு நிம்மதி அடையாதீர்கள், தயவுசெய்து. முதலில் அந்தச் சாவியை முடக்குங்கள். யார் பயன்படுத்தினார்கள் என்ற விசாரணையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.