மின்கம்பத்தின் அடியில் எரிமலை இல்லை

மின்கம்பத்தின் அடியில் மண் உருகிக் குழம்பாக வழியும் காணொளி ஒன்று, "ஊருக்குள் எரிமலை" என்ற தலைப்புடன் மறுபடியும் என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நிலவியல் துறையினரான எங்களுக்கு இது பழகிப்போன கேள்விதான். ஆனால் இம்முறை அந்தக் குழம்புக்கு இரண்டடி தள்ளிச் சிறுவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றதால், பொறுமையாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை.

உயரழுத்த மின்சாரம் மண்ணில் இறங்கியதால் உருகிய மண் அது. ஆறிய கட்டியை உடைத்தால், கருமையான கண்ணாடிக்குள் குமிழித் துளைகளும் உருகாமல் தப்பிய மணல் பரல்களும் தெரியும்.

இந்தப் பீதிக்கெல்லாம் வேர், நம் காலடியில் தீக்குழம்புக் கடல் ததும்புகிறது என்ற எண்ணம். பாடநூல் படங்களில், பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள கவசம் என்னும் அடுக்குக்கு ஆரஞ்சு வண்ணம் தீட்டியவர்களுக்கும் இதில் பங்குண்டு. மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,890 கிலோமீட்டர் ஆழம் வரை இருப்பது திடமான பாறை. நிலநடுக்கத்தில் எழும், நீர்மத்தில் பரவ முடியாத எஸ் அலைகள் அதனூடே சென்று, அதற்கும் கீழுள்ள, நீர்ம உலோகமான வெளிக்கருவத்தை எட்டும்போதுதான் நின்றுபோகின்றன. அந்தப் பாறை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது என்பது உண்மைதான், ஆனால் திடநிலையிலேயே நகர்கிறது. பூமியின் மேற்புறப் பாறைத் தட்டுகள் விலகி அழுத்தம் குறையும் இடத்திலும், அமிழும் தட்டு நீரைக் கொண்டு சேர்க்கும் இடத்திலும், ஆழத்திலிருந்து மிகைவெப்பப் பாறை மேலெழும் இடத்திலும் மட்டுமே அதில் ஒரு சிறு பங்கு உருகுகிறது. அந்தமானின் பாரன் தீவு எரிமலை இரண்டாம் வகை. தமிழ்நாடு இவற்றில் எதிலும் சேராது. கோலார் தங்கச் சுரங்கத்தில் 3 கிலோமீட்டர் ஆழத்தில்கூடப் பாறையின் வெப்பநிலை 70 டிகிரி செல்சியஸைத் தாண்டவில்லை.

பூமியின் உள்வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவால் வருகிறது. தரையை எட்டும்போது அது சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. சிறிய கோள் விரைவில் ஆறிவிடும் என்பது பொதுவிதி என்றாலும், பூமியைவிடச் சிறிய செவ்வாயிலும் 2022 மே 4 அன்று 4.7 அளவிலான நடுக்கத்தை நாசாவின் இன்சைட் கலம் பதிவுசெய்தது. நம் நிலவைவிடச் சற்றே பெரிய, வியாழனின் துணைக்கோளான அயோவிலோ, அந்தக் கோளின் ஈர்ப்பு ஓயாமல் பிசைவதால், நூற்றுக்கணக்கான எரிமலைகள் இயங்குகின்றன. வெப்பம் எங்கிருந்து வருகிறது, எவ்வழியே வெளியேறுகிறது என்று கேட்காமல் எரிமலையைப் பற்றிப் பேச முடியாது.

ஆகவே, தரை உருகுவதைக் கண்டால் குறைந்தது 10 மீட்டராவது விலகுங்கள். ஏற்கெனவே அருகில் இருந்தால் ஓடாதீர்கள். மண்ணில் பரவும் மின்னழுத்த வேறுபாட்டால் இரு கால்களுக்கிடையே மின்சாரம் பாயும் என்பதால், பாதங்களை ஒட்டிவைத்துத் தரையோடு தேய்த்தபடியே நகருங்கள். குச்சியால் கிளறுவது, தண்ணீர் ஊற்றுவது, சூடம் ஏற்றுவது எதுவும் வேண்டாம். குழந்தைகளையும் மாடுகன்றுகளையும் அப்பால் கொண்டுபோய்விட்டு, முதலில் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். எங்களை அப்புறம் அழைக்கலாம். இணைப்பைத் துண்டித்த பிறகு நாங்களே வந்து கல்லை எடுத்துக்கொள்கிறோம்.