999 நல்ல காற்று, 1001 கெட்ட காற்றா?

வகுப்பறைச் சுவரில் ஒரு கருவி. நாம் மூச்சில் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு 999 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 999 பங்கு) என்றால் பச்சை விளக்கு, 1001 என்றால் சிவப்பு. அதற்குள் காற்று என்ன கெட்டுவிட்டது? கடைசி பெஞ்சில் யாரோ கொட்டாவி விட்டிருப்பார்கள்.

இந்த ஆயிரம் என்ற கோடு 1858-இல் ஜெர்மன் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் கிழித்தது. அறைக்காற்று எவ்வளவு புழங்கிப்போயிருக்கிறது என்று காட்டும் அடையாளமாகத்தான் அவர் அதைச் சொன்னார். நாம் அதை மதில்சுவராக்கிவிட்டோம்.

1965-இல் கணினி அறிவியலாளர் லோட்ஃபி சாதே முன்வைத்த ஃபஸி கணங்கள் (தெளிவான எல்லைக்கோடு இல்லாத கணங்கள்) இந்த மதிலைச் சரிவுப்பாதையாக மாற்றுகின்றன. 'அதிகமா, இல்லையா' என்று கேட்காமல் 'எவ்வளவு தூரம் அதிகம்' என்று கேட்கலாம்.

சரி, கணக்குப் போட்டே பார்ப்போம். எல்லைகள் உதாரணத்துக்கு நான் வைத்தவை. கார்பன் டை ஆக்சைடு 800-இல் 'அதிகம்' 0, அதாவது துளியும் அதிகமில்லை; 1200-இல் 1, அதாவது முழுக்க அதிகம். அறையில் 900 என்றால் 'அதிகம்' 0.25, 'குறைவு' 0.75. பிஎம் 2.5 நுண்தூசிக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 15 முதல் 35 மைக்ரோகிராம் வரை சரிவு; அறையில் 31 என்றால் 'அதிகம்' 0.8, 'குறைவு' 0.2.

அப்புறம் விதிகள். இரண்டும் குறைவு என்றால் காற்று நல்லது. இரண்டும் அதிகம் என்றால் மோசம். ஒன்று மட்டும் அதிகம் என்றால் சுமார். ஒவ்வொரு விதியிலும் இரண்டு எண்களில் சிறியதை எடுக்க வேண்டும். நல்லது 0.2, மோசம் 0.25. சுமாருக்கு இரண்டு வழி: தூசி மட்டும் அதிகம் 0.75, கார்பன் டை ஆக்சைடு மட்டும் அதிகம் 0.2; பெரியதை வைத்துக்கொள்கிறோம். நல்லதுக்கு 90, சுமாருக்கு 50, மோசத்துக்கு 10 மதிப்பெண் கொடுத்து எடையிட்ட சராசரி எடுத்தால் கிட்டத்தட்ட 48 வருகிறது.

எந்த விதி ஓங்கி ஒலித்தது என்பதுதான் எனக்கு மதிப்பெண்ணைவிடப் பிடித்த விஷயம். இங்கே ஓங்கியது 'மூச்சுக்காற்று பரவாயில்லை, தூசிதான் அதிகம்'. வெளியே சாலைத் தூசி பறந்தால், இந்த அறையில் ஜன்னலைத் திறப்பது தப்பான வைத்தியம். வடிகட்டிதான் வேண்டும். கார்பன் டை ஆக்சைடை மட்டும் பார்க்கும் கருவிக்கு இது தெரியாது. அலுவலகங்களிலும் இதே கதைதான். ஏசி ஓடுகிறது என்று ஜன்னலை மூடிவைத்தால் தூசி குறையலாம், மூச்சுக்காற்று உள்ளேயே தேங்கும்.

சரிவு எங்கே தொடங்க வேண்டும் என்பதை ஆட்கள்தான் முடிவு செய்கிறார்கள். அதில் சண்டை உண்டு. கார்பன் மோனாக்சைடை மட்டும் இந்தச் சராசரியில் சேர்க்கவே கூடாது. மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் அந்த விஷம் மதிப்பெண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். அதற்குத் தனி அலாரம், பழைய மதில்சுவரோடு.