பேக்கேஜ் பலர் கையில், பட்டியல் யார் கையில்?

என்பிஎம் என்பது ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்கள் பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளை, அதாவது பேக்கேஜ்களை, இறக்கிக்கொள்ளும் கருவி; அவற்றை வைத்திருக்கும் மையக் கிடங்குக்கும் (ரெஜிஸ்ட்ரி) அதே பெயர்தான். அதைப் பயன்படுத்தும் ப்ராஜெக்ட் ஒன்றின் லாக் ஃபைலை, அதாவது எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு என்று குறித்து வைக்கும் கோப்பைத் திறந்து, ஏதாவது ஒரு பேக்கேஜின் பகுதியைப் பாருங்கள். 'ரிசால்வ்டு' என்ற வரியில் ஒரு இணைய முகவரி இருக்கும். அடுத்த 'இன்டெக்ரிட்டி' வரியில் எஸ்எச்ஏ-512 என்று தொடங்கும் நீளமான எழுத்துக் கோவை இருக்கும். அதுதான் ஹேஷ்: கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற அடையாளம். கோப்பு எங்கே கிடைக்கும் என்பதை முதல் வரி சொல்கிறது. வர வேண்டிய கோப்பு எது என்பதை இரண்டாம் வரி சொல்கிறது. இறங்கிய கோப்பில் ஒரு பிட் மாறியிருந்தாலும் ஹேஷ் பொருந்தாது, இன்ஸ்டால் அங்கேயே நின்றுவிடும். அப்படியென்றால் கோப்பை யார் கொடுத்தால் என்ன? பக்கத்து மேசைக் கணினியும் கொடுக்கலாம், முன்பின் தெரியாதவரின் கணினியும் கொடுக்கலாம். மைய சர்வரை நம்பாமல் கணினிகள் (பியர்கள்) தங்களுக்குள்ளேயே பேக்கேஜ்களைப் பரிமாறிக்கொள்ளும் பியர்-டு-பியர் ரெஜிஸ்ட்ரி என்ற யோசனை முழுவதும் இந்த இரண்டாம் வரியை நம்பித்தான் நிற்கிறது.

அதற்கான தேவையை 2016 மார்ச் 22 காட்டியது. ஒரு நிரலாளர் தன்னுடைய 273 பேக்கேஜ்களை என்பிஎம்மிலிருந்து மொத்தமாக நீக்கினார். அவற்றில் ஒன்று, வெறும் 11 வரி கொண்ட லெஃப்ட்-பேட். பேபல் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி உட்பட அதைச் சார்ந்திருந்த எத்தனையோ மென்பொருள்களின் பில்ட் (நிரலைத் தொகுத்துக் கட்டும் வேலை) உடைந்தது. சுமார் 2 மணி நேரத்தில் என்பிஎம் நிறுவனமே அதை மீட்டு வைத்தது. வெளியாகி 72 மணி நேரம் கடந்த பேக்கேஜை எளிதில் நீக்க முடியாது என்ற விதியும் பிறகு வந்தது. ஆனால் எல்லாரும் ஒரே வாசலில் நிற்க வேண்டிய நிலை அப்படியே இருக்கிறது.

இந்த வேலைக்கு முயன்று பார்க்கப்பட்ட வலைப்பின்னல்களில் ஒன்று, கோப்பை அது இருக்கும் இடத்தால் அல்லாமல் அதன் உள்ளடக்கத்தால் தேடும் ஐபிஎஃப்எஸ். அதில் ஒரு கோப்பைச் சேர்த்தால் அது துண்டுகளாக வெட்டப்படும். நெடுங்காலமாக ஒரு துண்டின் வழக்கமான அளவு 256 கிலோபைட். ஒவ்வொரு துண்டுக்கும் ஹேஷ் எடுத்து, அந்த ஹேஷ்களை மரமாகக் கோர்த்தால், உச்சியில் வரும் ஹேஷே அந்தக் கோப்பின் முகவரி. அதை சிஐடி என்பார்கள். 'இந்த சிஐடி என்னிடம் உண்டு' என்ற அறிவிப்பு, முகவரிக்கு (தூரத்தால் அல்ல, அடையாள எண்ணால்) மிக நெருக்கமான 20 கணினிகளில் பதிவாகும். தேடுபவர் அவற்றைக் கேட்டு, வைத்திருப்பவரிடம் நேராகப் போய் வாங்கிக்கொள்வார்.

முதல் குழி இங்கேயே இருக்கிறது. என்பிஎம்மின் எஸ்எச்ஏ-512 முழுக் கோப்பின் ஹேஷ். சிஐடியோ துண்டு மரத்தின் ஹேஷ். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்கிட வழியில்லை. துண்டின் அளவை மாற்றினாலே அதே கோப்புக்கு வேறு சிஐடி வரும். ஆகவே இன்டெக்ரிட்டி மதிப்புக்கு எதிரே சிஐடியை எழுதிய பட்டியல் ஒன்று வேண்டும். கோப்பைச் சேர்க்கிற எல்லாரும் ஒரே துண்டளவை, ஒரே அமைப்பைப் பின்பற்றவும் வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பேக்கேஜ் நான்கு முகவரிகளில் சிதறி, ஒவ்வொன்றுக்கும் ஒருவர்தான் மிஞ்சுவார்.

இடம் மிச்சமாகுமே என்று, பேக்கேஜின் கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டிய டார் கோப்பைப் பிரித்து, உள்ளே இருப்பவற்றைத் தனித்தனியாகச் சேமிக்கத் தோன்றும். செய்யாதீர்கள். திரும்பக் கட்டும்போது அதே பைட்டுகள் வர வேண்டும். என்பிஎம் பேக்கேஜுக்குள் இருக்கும் கோப்புகளின் தேதியைப் பாருங்கள்: 1985 அக்டோபர் 26. யார், எப்போது கட்டினாலும் ஒரே பைட்டுகள் வரட்டும் என்றே அந்தத் தேதியை நிலையாக வைத்திருக்கிறார்கள். இருந்தும், அந்த மூட்டையைச் சுருக்கும் ஜிஜிப் கருவியின் சுருக்க அளவோ அதன் நூலகப் பதிப்போ மாறினால் ஹேஷ் மாறிவிடும். டார் கோப்பை வந்தபடியே வைப்பதுதான் பாதுகாப்பு.

என்பிஎம் கருவிக்கு ஐபிஎஃப்எஸ் தெரியாது. அதனால் உங்கள் கணினியிலேயே சின்ன ப்ராக்ஸி (இடையில் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கொடுக்கும் நிரல்) ஒன்றை ஓடவிட்டு, ரெஜிஸ்ட்ரி முகவரியை அதற்குத் திருப்ப வேண்டும். பேக்கேஜ் பெயரைச் சொல்லிக் கேட்டால் அது ஜேசன் என்ற வடிவில் தகவலைக் கொடுக்கும். அந்தத் தகவலுக்குள் டார் கோப்பின் முழு முகவரி, மைய சர்வரின் பெயரோடு இருக்கும். ப்ராக்ஸி அதைத் தன் முகவரியாக மாற்றித் தர வேண்டும். புதிய என்பிஎம் பதிப்புகள் இந்த மாற்றத்தைத் தாமே செய்துகொள்ளும். எல்லாக் கருவிகளையும் அப்படி நம்ப முடியாது. மறந்தால் எந்தப் பிழையும் தெரியாது. எல்லாம் பியர்களிடமிருந்து வருகிறது என்று நீங்கள் நினைத்திருக்க, கோப்புகள் பழைய சர்வரிலிருந்தே இறங்கிக்கொண்டிருக்கும். மைய ரெஜிஸ்ட்ரியின் பெயரை ஃபயர்வாலில் அடைத்துவிட்டு ஒருமுறை இன்ஸ்டால் செய்தால் உண்மை வெளிப்படும்.

அடுத்தது வேகம். சாதாரண ப்ராஜெக்ட்டே நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களை இழுக்கும். ஒவ்வொன்றுக்கும் வலைப்பின்னல் முழுக்கத் தேடினால், தேடலுக்குச் சில நொடி என்றாலும் தாங்காது. முழுப் பிரதி வைத்திருக்கும் இரண்டு மூன்று கணினிகளோடு நிரந்தரத் தொடர்பு வைத்து, முதலில் அவர்களிடமே கேட்பது நல்லது. அறிவிக்கும் பக்கமும் இதே கதைதான். ஓர் அறிவிப்பு 48 மணி நேரத்தில் காலாவதியாகும் என்பதால் 22 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். 10 லட்சம் சிஐடி என்றால் நொடிக்குச் சுமார் 13 அறிவிப்பு. ஒவ்வொன்றும் 20 கணினிகளுக்கு என்றால் நொடிக்கு 250 செய்திக்கு மேல். வீட்டு ரவுட்டர் திணறிப்போகும். ஒவ்வொரு துண்டையும் அறிவிக்காமல் கோப்பின் உச்சி சிஐடியை மட்டும் அறிவித்தால் சுமை வெகுவாகக் குறையும்.

பிரபலமான பேக்கேஜ் தானாகவே பலரிடம் பரவும். யாரும் தொடாத பத்தாண்டுப் பழைய பதிப்பு அப்படியல்ல. 'பின்' செய்யாத, அதாவது அழிக்கக் கூடாது என்று குறிக்காத எதையும் இடம் நெருக்கும்போது நோட் (வலைப்பின்னலில் உள்ள கணினி) துடைத்துவிடலாம். அதற்காகவாவது, முழுப் பிரதியையும் பின் செய்து வைக்கப் பொறுப்பேற்ற சில அமைப்புகள் வேண்டும். ஆர்வலர்களின் நல்லெண்ணம் மட்டும் போதாது.

இதுவரை சொன்னதெல்லாம் பாதி வேலை, அதுவும் சுலபமான பாதி. ஹேஷ் தெரிந்த பின் கோப்பை எவரிடமும் வாங்கலாம். ஆனால் 'இந்தப் பெயருக்கு இன்றைய பதிப்பு எது, அதன் ஹேஷ் என்ன' என்று சொல்லும் பட்டியலை எவரிடமும் வாங்க முடியாது. பல லட்சம் பெயர்களை ஒரே துண்டில் அடக்கவும் முடியாது. ஆகவே ஒவ்வொரு கணுவும் 256 கிளையாகப் பிரியும் ஹேஷ் மரத்தில் பட்டியலை வைப்பார்கள். 20 லட்சம் பெயர் இருந்தாலும் மூன்று நான்கு அடுக்குதான். புதிதாக ஒரு பதிப்பு வந்தால் அதன் பாதையில் உள்ள சில துண்டுகள் மட்டும் மாறி, புது உச்சி ஹேஷ் பிறக்கும். பழைய உச்சியும் செல்லும் என்பதால், அதைக் குறித்து வைத்தால் அன்றைய ரெஜிஸ்ட்ரி முழுவதையும் அப்படியே மீட்கலாம். இந்த முறையின் மிக அழகான வரம் இதுதான்.

அந்த உச்சிக்கு, பொறுப்பாளர் தன் ரகசியச் சாவியால் இடும் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். கையெழுத்து மட்டும் போதுமா என்றால், போதாது. நேற்றைய பட்டியலிலும் சரியான கையெழுத்து இருக்கும். தீய எண்ணமுள்ள பியர் அதையே திரும்பத் திரும்பக் கொடுத்து, ஓட்டை உள்ள பதிப்பிலேயே உங்களை நிறுத்தி வைக்கலாம். அதனால் கையெழுத்திட்ட பதிவிலேயே வரிசை எண்ணும் காலாவதி நேரமும் இருக்க வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் ரிலீஸ் கோப்பில் 'வேலிட்-அன்டில்' (இந்த நேரம் வரை செல்லும்) வரி இருப்பது இதற்காகத்தான். மென்பொருள் புதுப்பிப்புகளைப் பாதுகாக்கும் டஃப் என்ற கட்டமைப்பு இன்னும் தெளிவாக நான்கு பொறுப்புகளைப் பிரிக்கிறது. அடிக்கடி கையெழுத்திடும் நேரமுத்திரைச் சாவி இணையத்தில் இருக்கும். மூலச் சாவிகளைப் பலரிடம் பிரித்துக் கொடுத்து, இணையத்துக்கு வெளியே வைப்பார்கள். உங்களுக்கு ஒரு பட்டியலும் மற்றவர்களுக்கு வேறு பட்டியலும் காட்டும் மோசடியும் உண்டு. 2019 முதல் கோ நிரல்மொழிக்காக நடக்கும் செக்சம் (ஹேஷ்) தரவுதளம், சேர்க்க மட்டும் முடிந்த பொதுப் பதிவேட்டால் அதைத் தடுக்கிறது.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பெயரைக் கேட்டால் யாருக்குக் கொடுப்பது? யாராவது வரிசைப்படுத்தித்தான் ஆக வேண்டும். பிளாக்செயின் போட்டு இதைத் தீர்ப்பதைவிட, கோ மொழியைப் போல டொமைன் பெயரோடு பேக்கேஜ் பெயரைச் சேர்ப்பதோ, கையெழுத்திட ஒரு சிறு குழுவை அமர்த்தி மற்ற எல்லாவற்றையும் பரவலாக்குவதோ மேல்.

ஹேஷ் பொருந்தினால் கோப்பு மாறவில்லை என்றுதான் பொருள். நல்லது என்று பொருளில்லை. 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் பேக்கேஜ் வழியாக பிட்காயின் வாலட்டைக் குறிவைத்து வந்த தீய நிரலுக்கும் ஹேஷ் சரியாகவே இருந்தது. பலர் கையில் போய்விட்ட கோப்பை அழிக்க முடியாது. ரஸ்ட் நிரல்மொழியின் பேக்கேஜ் கருவியான கார்கோ 'யாங்க்' செய்வதுபோல, புதிதாக யாரும் தேர்ந்தெடுக்காதபடி பட்டியலில் குறிக்கலாம். தீய நிரல் என்று உறுதியானதற்குத் தனித் தடைப்பட்டியல் வைத்து, ப்ராக்ஸியே மறுக்கும்படி செய்யலாம். அந்தப் பட்டியலும் அதே கையெழுத்தோடு, அதே காலாவதி நேரத்தோடு வர வேண்டும். நிறுவனத்தின் உள் பேக்கேஜ்களைப் பொது வலைப்பின்னலில் கேட்கவே கூடாது. நீங்கள் எந்த சிஐடியைக் கேட்கிறீர்கள் என்பது இணைந்திருக்கும் பியர்களுக்குத் தெரியவரும். உள் பேக்கேஜ்களுக்கென, உறுப்பினர்கள் பகிர்ந்துகொண்ட ரகசியச் சாவியோடு தனி வலைப்பின்னல் அமைத்து, உள் பெயர்களுக்கான கோரிக்கை வெளியே போகாதபடி ப்ராக்ஸியிலேயே நிறுத்திவிட வேண்டும்.