மிஸ்ஃபயர்: எரிதவறல்

'சிலிண்டர் 2இல் தவறான எரிப்பு கண்டறியப்பட்டது.' கார் ஸ்கேனர் செயலிகளின் தமிழிலும் காணொளித் துணைத்தலைப்புகளிலும் 'மிஸ்ஃபயர்' என்பதற்கு இந்த வரியைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. 'தவறான துப்பாக்கிச் சூடு' என்றும் ஒரு தடவை கண்ணில் பட்டது. அதற்கு இது பரவாயில்லை என்கிறீர்களா? இல்லை.

மிஸ்ஃபயர் துப்பாக்கியிலிருந்து வந்த சொல்தான். விசையை இழுத்தும் மருந்து பற்றாமல் போவது. பின்னர் இன்ஜினுக்கு வந்தது. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் வந்து நின்றும் பற்றவில்லை, அல்லது அரைகுறையாகப் பற்றியது.

'தவறான முகவரி' என்றால் முகவரி இருக்கிறது, பிழையாக இருக்கிறது. அப்படியானால் 'தவறான எரிப்பு'? எரிந்தது, ஆனால் முறைகெட்டு எரிந்தது. அது வேறு நோய். பிளக் பொறி விடும் முன்பே பற்றிக்கொள்வது, மிச்சக் கலவை தானாக வெடித்து 'நாக்கிங்' ஒலி எழுப்புவது எல்லாம் அந்த வகை. மொழிபெயர்ப்பை நம்பியவர் 95 ஆக்டேன் பெட்ரோலுக்குப் பதில் 98 ஊற்றிப் பார்ப்பார். நாக்கிங் என்றால் ஒருவேளை அடங்கும். பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் காயில் கெட்டுப்போயிருந்தால் எந்தப் பெட்ரோல் ஊற்றி என்ன?

இத்தனைக்கும் 'தவறு' நல்ல வேர். பெயரடையாக்கியதில்தான் கெட்டது. பருவமழை தவறிவிட்டது என்றால் பெய்யவில்லை என்று யாருக்கும் புரியும். தவறான மழை என்று எவரும் சொல்வதில்லை. ஆகவே எரிதவறல். 'சிலிண்டர் 2 எரி தவறுகிறது' என்று வினையாகவும் சொல்லலாம்.

காரின் கணினி செய்வதும் இதற்கே பொருந்துகிறது. அது தீயைப் பார்ப்பதில்லை; பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட் சுழலும் வேகத்தைக் கவனிக்கிறது. வரவேண்டிய உந்து வராத இடத்தில் வேகம் துளி குறையும். அந்தத் தவறல்களை எண்ணித்தான் பி0302 என்ற பழுதுக் குறியைப் பதிகிறது. கடைசி எண் சிலிண்டரைக் காட்டும். பி0300 என்றால் இன்ன சிலிண்டர் என்றில்லாமல் தவறுகிறது. இரண்டாவதன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டிப் பாருங்கள். குறியும் பி0303 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர், அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம். சிங்கப்பூரில் கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇயைப் புதுப்பித்து பத்தாண்டுக்கு மேல் ஓடும் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடமாக இருக்கும்.

'செக் இன்ஜின்' எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் தாமதிக்காதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும். வேண்டுமானால் அதைத் தவறான எரிப்பு என்று சொல்லிக்கொள்ளட்டும்.

சிலிண்டரை உருளை என்றுதான் எழுத வேண்டும் என நான் அடம்பிடிக்கவில்லை. 'தீப்பொறிச் செருகி' கொடுங்கள் என்று காக்கி புக்கிட் பட்டறையில் கேட்டால் சிரிப்பார்கள். தமிழ் மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங் அடிக்குது' என்பார்கள். பாதி ஆங்கிலம், ஆனால் பொருள் சுத்தம். சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று தமிழ் என்று பெருமைப்படுகிறோம். 'செக் இன்ஜின்' விளக்கைக் 'காசோலை இயந்திரம்' என்று போட்டு அனுப்புகிறவர்கள், ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருந்தால்கூட போதும்.