நெற்றியில் தேய்த்த விரல்

நீலகிரி மலையில் பந்தலூர்ப் பக்கம் ஒரு மளிகைக்கடை. ஆதார் விரல்ரேகையை வைத்து வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் வசதி அங்கே உண்டு. காலை பத்து மணியாகியும் பனிமூட்டம் விலகவில்லை. கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், கையடக்கக் கருவியின் கண்ணாடியில் ஆள்காட்டி விரலை வைத்தார். ஏற்கவில்லை. "நெத்தியில தேச்சிட்டு வைங்கக்கா" என்றார் கடைக்காரர். தேய்த்து வைத்ததும் ஏற்றுக்கொண்டது. கல்லாவிலிருந்து ஆயிரம் ரூபாய் எண்ணித் தந்தார்.

நெற்றிக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம்? கண்ணாடிக்கு அடியிலிருந்து வெளிச்சம் பாய்கிறது. விரல் ரேகையின் மேடுகள் கண்ணாடியைத் தொடும் இடத்தில் ஒளி திரும்பி வராது, அது கருப்பாகப் பதியும். பள்ளங்களில் காற்று இருப்பதால் ஒளி முழுதாகத் திரும்பும், அது வெள்ளையாகப் பதியும். குளிரில் தோல் வறண்டுவிட்டால் மேடுகள் கண்ணாடியோடு சரியாக ஒட்டாது, படம் விட்டுவிட்டு விழும். நெற்றியின் எண்ணெய்ப்பசை அந்த இடைவெளியை நிரப்புகிறது. ஆனால் வருஷக்கணக்காகக் கொழுந்து கிள்ளியே மேடுகள் தேய்ந்துபோன விரலுக்கு எண்ணெய்யும் உதவாது. வேறு விரலை வைத்துப் பார்க்க வேண்டும். கருவிழி, முகம் வழியாகவும் அடையாளம் காண ஆதாரில் வழி இருக்கிறது. அந்த வசதி முதலில் வர வேண்டியது இந்த மலைகளுக்குத்தான் என்பேன்.

ரேகைக் கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்ற விவரம் பூட்டிய செய்தியாக, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஆதார் ஆணையத்திடம் ஒரே கேள்வி: இவர் அவர்தானா? "ஆம்" என்று வந்தால், அக்காவின் வங்கி அவர் கணக்கில் ஆயிரத்தைக் கழிக்கும், அது கடைக்காரரின் கணக்கில் ஏறும். அப்படியென்றால் அக்கா கையில் வாங்கிய நோட்டு? அது கடைக்காரரின் சொந்தக் காசு. இந்த ஏற்பாட்டின் சூட்சுமமே இதுதான். மலைமேல் பணப்பெட்டி ஏற்றிவர வேண்டாம், பருப்பும் சோப்பும் விற்ற காசே வங்கிப் பணமாகிறது. கடைக்காரருக்கு வங்கி கமிஷன் தருகிறது.

இருநூறு ரூபாய் எடுத்தாலும் இரண்டு லட்சம் எடுத்தாலும் வங்கிக் கிளைக்கு ஆகும் வேலை ஏறக்குறைய ஒன்றே. அதனால் சிறு தொகைக்காரர்களைத் தேடி எந்தக் கிளையும் மலை ஏறுவதில்லை. அவர்கள் இறங்கிப் போனால் பஸ் காசு ஒரு பக்கம், அன்றைய கூலியும் போச்சு. 2006இல் ரிசர்வ் வங்கி, கிளைக்கு வெளியே வங்கிகளின் சார்பில் சேவை தரும் முகவர்களை அனுமதித்தது. 2014இல் ஜன்தன் திட்டம் குறைந்தபட்ச இருப்பு இல்லாத கணக்கைத் தந்தது. கணக்கு மட்டும் இருந்து என்ன பயன்? கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் அதில் போடவும் எடுக்கவும் மனசு வரும்.

வறுமை என்பது காசு குறைவு மட்டுமில்லை, காசு வரும் நாளும் செலவு வரும் நாளும் பொருந்தாமல் போவதும்தான். கூலி மாசத்துக்கு ஒரு தடவை, குழந்தைக்குக் காய்ச்சலோ எந்த நாளிலும் வரும். அந்த இடைவெளியில்தான் வட்டிக்காரர் உட்கார்ந்திருக்கிறார். கென்யாவில் 2007இல் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணம் வந்தது. அங்கேயும் பெட்டிக்கடைகள்தான் முகவர்கள். கஷ்டம் வந்த அன்றே தூரத்து உறவினரின் பணம் கைக்கு வந்தது. பெண்கள் பலர் சிறு வியாபாரத்துக்கு மாறினார்கள். இதனால் 1,94,000 குடும்பங்கள், அதாவது நாட்டின் குடும்பங்களில் 2 சதவீதம், கடும் வறுமையிலிருந்து மீண்டதாக 2016இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

சிக்னல் பாதியில் அறுந்து, கணக்கில் கழிந்தும் கையில் காசு வராமல் போவதும் உண்டு. ஐந்து நாட்களுக்குள் அது திரும்ப வர வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 வங்கி தர வேண்டும். 2019இலிருந்து இது ரிசர்வ் வங்கியின் விதி. இதைத் தெரிந்தவர்கள் நம் பக்கம் ரொம்பக் குறைவு. எடுத்துச் சொல்லுங்கள். ரசீதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அந்த அக்கா வாங்கினார். நாலாக மடித்து, நோட்டுகளோடு சேர்த்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.