ஷாபந்தர்: யார் இவர், தமிழில் எப்படி எழுதலாம்?

மலாக்கா சுல்தானகத்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெண்டஹாரா (முதலமைச்சர்), தெமெங்கோங் (நகரக் காவல் தலைவர்), லக்சமணா (கடற்படைத் தலைவர்) வரைக்கும் தடங்கல் இல்லாமல் வந்துவிடுவார்கள், பள்ளியில் மனப்பாடம் செய்த பெயர்கள் ஆயிற்றே. ஷாபந்தர் வந்ததும் 'துறைமுக அதிகாரி' என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அது தப்பு என்று சொல்ல வரவில்லை, ஆனால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது. மலேசியாவில் எஸ்டிபிஎம் (பல்கலைக்கழக நுழைவுக்கு முந்திய தேர்வு) வரலாறு எடுத்த பிள்ளைகளும், பல்கலைக்கழகத்தில் தொடக்க நவீன கால உலக வரலாறு, அதாவது ஏறக்குறைய 1500 முதல் 1800 வரை உள்ள காலத்தைப் படிக்கிறவர்களும், துருக்கிய உஸ்மானியருக்கு ஒரு அத்தியாயம், முகலாயருக்கு ஒரு அத்தியாயம், போர்த்துகீசியருக்கும் டச்சுக்காரர்களுக்கும் இன்னொன்று என்று தனித்தனியாகப் படித்துத் தனித்தனியாகவே மறந்துவிடுகிறார்கள். இந்த ஒரு பதவிப் பெயர் அந்த அத்தியாயங்கள் எல்லாவற்றிலும் தலைகாட்டுகிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம் என்கிறேன்.

முதலில் சொல். இது பாரசீகம். 'ஷா' என்றால் அரசன், 'பந்தர்' என்றால் துறைமுகம். சேர்த்தால் 'துறைமுக அரசன்' என்று வருகிறது, சிலர் அப்படியே எழுதியும் விடுகிறார்கள், படிக்கிறவர் ஏதோ ஒரு குட்டி ராஜா என்று நினைத்துக்கொள்கிறார். பாரசீகத்தில் 'ஷா' ஒரு சொல்லுக்கு முன்னால் ஒட்டி வந்தால் பெரிய, தலைமையான என்ற பொருளும் உண்டு. 'ஷாராஹ்' என்றால் பெருவழி. நாம் ராஜபாட்டை என்கிறோமே, அதேதான். ராஜபாட்டையில் ராஜா மட்டுமா நடக்கிறார்? ஆக ஷாபந்தர் என்பவர் துறையில் தலைமையானவர். அவ்வளவுதான், முடிசூட்ட வேண்டியதில்லை.

'பந்தர்' நமக்கு அந்நியமான சொல்லும் இல்லை. ஈரானின் பந்தர் அப்பாஸ், குஜராத்தின் போர்பந்தர், ஆந்திரக் கரையில் மசூலிப்பட்டினத்துக்கே பந்தர் என்றுதான் ஊர்ப்பேச்சில் பெயர், பந்தர் லட்டு அந்த ஊர் லட்டுதான். மலாய்க்கு வந்தபோது இது 'பண்டார்' ஆகி, பழைய மலாயில் துறைமுகம், துறைமுக நகரம் என்று இருந்து, பிறகு கடல் கழன்று போய் வெறும் 'நகரம்' ஆகிவிட்டது. பினாங்கில் வீட்டு வரிச் சீட்டின் தலைப்பில் 'மஜ்லிஸ் பண்டாராயா' என்று இருக்கிறதே, அதில் உள்ள பண்டார் இதுதான். பினாங்குக்காவது கடல் இருக்கிறது. கோலாலம்பூரின் 'டேவான் பண்டாராயா' பெயரில் டேவான், பண்டார் என்று இரண்டு பாரசீகச் சொற்கள், அதில் ஒன்று துறைமுகம், கப்பல் வர இடம்தான் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. பண்டாரையும் பெண்டஹாராவையும் ஒரே வேர் என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பெண்டஹாரா, பெண்டஹாரி இரண்டும் சமஸ்கிருத 'பாண்டாகாரம்' வழி வந்தவை, நம் பண்டாரம், பண்டகசாலை எல்லாம் அந்தக் குடும்பம், கருவூலத்தோடு சம்பந்தப்பட்டது. பண்டாருக்கும் அதற்கும் உறவில்லை. அப்புறம் இன்னொன்று: பதிற்றுப்பத்தில் கொடுமணத்தோடு சேர்த்து பந்தர் என்று ஒரு புகழ்பெற்ற ஊர் பேசப்படுகிறது, அதைப் பிடித்துக்கொண்டு 'பாரசீகனே நம்மிடம் கடன் வாங்கினான்' என்று கிளம்புகிறவர்கள் உண்டு. ஓசை ஒன்றாக இருப்பதாலேயே உறவு வந்துவிடாது. தமிழிலேயே பந்தர் என்றால் பந்தல் என்ற பொருளும் இருக்கிறது. அந்த வழக்கை நான் இங்கே எடுக்கப்போவதில்லை.

சரி, மலாக்காவில் இந்த ஆள் என்ன செய்தார்? போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்த பிறகு அங்கே வந்து தங்கிய தொமே பிரெஸ் என்ற மருந்து வணிகர் எழுதி வைத்த குறிப்புகள்தான் நமக்குக் கிடைத்திருக்கிற மிக நல்ல சாட்சி. அவர் சொல்கிறபடி ஷாபந்தர் ஒருவர் இல்லை, நான்கு பேர். குஜராத்திகளுக்கு ஒருவர், இருப்பதிலேயே செல்வாக்கானவர் அவர்தான். சோழமண்டலக் கரைக்காரர்கள், வங்காளிகள், பெகு, பாசாய் வணிகர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒருவர். ஜாவா, மலுக்கு, பண்டா, பலெம்பாங், போர்னியோ, லூசோன் பக்கத்துக்காரர்களுக்கு ஒருவர். சீனர், ரியூக்கியூ தீவினர், சம்பா நாட்டினருக்கு ஒருவர். மலாக்காத் தெருக்களில் 84 மொழிகள் கேட்டன என்றும் அவர்தான் எழுதியிருக்கிறார். கொஞ்சம் ஊதியிருக்கலாம், ஆனாலும் அத்தனை வகை மனிதர் வந்துபோகிற இடத்தில் ஒரே அதிகாரியை வைத்துச் சமாளிக்க முடியாது என்பது மட்டும் புரிகிறது.

கப்பல் வந்ததும் நாகுதாவை, அதாவது கப்பல் தலைவனை (இதுவும் பாரசீகம்தான், மலாயில் நக்கோடா, நம் கடற்கரை முஸ்லிம் குடும்பங்களில் நகுதா என்ற பட்டப்பெயராகவே நிலைத்துவிட்டது), அவனுடைய ஷாபந்தர் வந்து பார்ப்பார். பெண்டஹாராவிடம் அழைத்துப் போவார். தங்க இடம், சரக்கு வைக்கக் கிடங்கு, சரக்கு இழுக்க யானை, எல்லாம் அவர் பொறுப்பு. எடையிலோ அளவிலோ தகராறு என்றால் அவரிடம்தான் போகவேண்டும். மேற்கிலிருந்து வந்த சரக்குக்கு நூற்றுக்கு 6 சுங்கம். கிழக்கிலிருந்து வந்தவர்களுக்குச் சுங்கம் கிடையாது, காணிக்கை மட்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விவரம் விலை மதிப்பிடுகிற முறை: பத்து வணிகர்களை உட்கார வைப்பார்களாம், ஐந்து பேர் கிளிங், மீதி ஐந்து பேர் மற்ற நாட்டினர், தெமெங்கோங் முன்னிலையில் அந்தப் பத்துப் பேர் சொல்கிற விலைதான் விலை. 'கிளிங்' என்பதை இன்று நம் நாட்டில் எந்தத் தொனியில் வீசுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஆனால் 16ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளில் அது கலிங்கத்திலிருந்து தமிழ்நாடு வரையுள்ள கிழக்குக் கரைக்காரர்களைக் குறித்த சாதாரணப் பெயர். பத்தில் பாதி இடம் அவர்களுக்கு என்றால் அவர்கள் கை எவ்வளவு ஓங்கியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மலாக்காவின் சட்டத் தொகுப்பு ஷாபந்தரை 'டகாங்' எல்லாருக்கும் தாய் தகப்பன் என்கிறது. டகாங் என்றால் இன்றைய மலாயில் வணிகம். பழைய மலாயில் பிற ஊரிலிருந்து வந்தவன், அந்நியன் என்ற பொருளும் அதற்குள்ளேயே உண்டு. வந்தவனுக்குத் தாய் தகப்பனாக இருக்கவேண்டும், அதே நேரம் சுல்தானுக்குச் சுங்கமும் வாங்கித் தரவேண்டும். பெரும்பாலும் அவரே அந்தச் சமூகத்து வணிகர், அவருக்கும் சொந்தக் கப்பலும் சரக்கும் உண்டு. இந்த இரட்டை வேடம்தான் பதவியின் சாரம். 'துறைமுக அதிகாரி' என்று எழுதினால் அதில் பாதி காணாமல் போகிறது.

இந்த இரட்டை வேடம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு மலாய் அரசர்களின் வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு'வில் ஒரு கதை இருக்கிறது, அதில் வருகிறவர்களும் நம் ஆட்கள். ராஜா மெண்டலியார் என்று ஒரு ஷாபந்தர், முதலியார் என்பதுதான் மலாய் வாயில் அப்படி ஆகியிருக்கிறது, பெரும் பணக்காரர். வணிகர் தலைவரான நயினா சூரதேவனோடு அவருக்கு வழக்கு. முதலியாரிடமே கடன்பட்டிருந்த கித்துல் என்பவன் அவரிடம் போய், 'சூரதேவன் பெண்டஹாராவுக்குத் தங்கம் கொடுத்து உங்களைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறார்' என்று பற்ற வைக்கிறான். முதலியார் பயந்துபோய் லக்சமணாவிடம், பெண்டஹாரா துன் முத்தாஹிர் அரியணைக்கே குறி வைக்கிறார் என்று சொல்ல, அது சுல்தான் மஹ்மூத் காதுக்குப் போய், பெண்டஹாரா கொல்லப்படுகிறார். பிறகு பொய் என்று தெரிந்து முதலியாருக்கும் கித்துலுக்கும் மரண தண்டனை. அரசவைக் கதைகளில் எத்தனை சதவீதம் உண்மை என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு ஷாபந்தர் கொடுத்த தகவல் நாட்டின் முதலமைச்சரையே சாய்க்கும் என்று அந்தக் காலத்து மலாய்க்காரர்கள் நம்பினார்கள் பாருங்கள், அது போதும். இதெல்லாம் நடந்து சீக்கிரத்திலேயே போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கின் கப்பல்கள் வந்துவிட்டன.

மலாக்காவை விட்டு வெளியே போனால் இந்தப் பட்டம் ஊருக்கு ஒரு நிறம் காட்டுகிறது. 1340களில் கோழிக்கோட்டுக்கு வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, அங்கே வணிகர்களின் தலைவர் பஹ்ரைனைச் சேர்ந்த இப்ராஹிம் ஷாபந்தர் என்று எழுதுகிறார். மலாக்கா அப்போது பிறக்கவே இல்லை, ஆள்கிறவர் சாமூதிரி என்ற இந்து மன்னர், ஆனால் துறையில் பாரசீகப் பட்டம், ஏனென்றால் இந்தியப் பெருங்கடலில் கணக்கு வழக்குக்குப் பாரசீகம் அப்படிப் பரவியிருந்தது. உஸ்மானியர் கையில் இருந்த கெய்ரோவில் 1600 வாக்கில் 'ஷாபந்தர் அத்துஜ்ஜார்' என்றால் வணிகர்களின் தலைவர். காப்பி, சர்க்கரை வியாபாரத்தில் கொழித்த இஸ்மாயில் அபு தாக்கியா அந்தப் பதவியில் இருந்தவர். துறைமுகமே இல்லாத பொருள் இது, ஆனால் 'பந்தர்' மட்டும் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகலாயர் சூரத்தில் துறையை ஆண்ட முத்தசத்திக்குக் கீழே சுங்கத்தைப் பார்த்தவர் ஷாபந்தர். ஜாவாவில் பாந்தன் துறைமுகத்தில் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிளிங் வணிகர்களே இந்தப் பதவியில் இருந்தார்கள்.

ஐரோப்பியர் இதைத் தூக்கி எறியவில்லை என்பதுதான் கவனிக்கவேண்டியது. போர்த்துகீசியர் 'ஷபந்தர்' என்று எழுதிக்கொண்டார்கள். 1641இல் மலாக்காவைப் பிடித்த டச்சுக் கம்பெனி 'சபந்தார்' என்று வைத்துக்கொண்டது. ஆனால் உள்ளே இருக்கிற ஆள் மாறிவிட்டார். வருகிற கப்பல், போகிற கப்பல், சரக்கு, ஆள் எண்ணிக்கை எல்லாம் பதிவேட்டில் எழுதி மேலே அனுப்புகிற கம்பெனிச் சம்பளக்காரர், டச்சுக்காரர். வந்தவனுக்குத் தாய் தகப்பன் என்ற பகுதி கழன்று, கணக்குப்பிள்ளை மட்டும் மிஞ்சினார். மேற்கே உஸ்மானியர் 19ஆம் நூற்றாண்டில் இதே சொல்லை 'ஷெஹ்பெந்தெர்' என்று வெளிநாட்டில் இருக்கும் தங்கள் துணைத் தூதருக்கு (கான்சலுக்கு) வைத்தார்கள். 1880களில் பத்தாவியாவிலும் (இன்றைய ஜகார்த்தா) அவர்களுக்கு அப்படி ஒருவர் இருந்தார். டச்சுக்காரர்கள் துறைமுகக் காரியத்துக்கு வைத்திருந்த அதே சொல், அதே ஊரில், துருக்கியருக்குத் துணைத் தூதர்.

பினாங்கில் ஷாபந்தர் வேரூன்றவே இல்லை. 1786இல் பிரான்சிஸ் லைட் இறங்கியதும் இது சுங்கமில்லாத் துறைமுகம் ஆயிற்று, சமூகங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கப்பித்தான்களுக்குப் போனது. காதர் முகைதீன் மரைக்காயர் நமக்குக் கப்பித்தான் கிளிங், பள்ளிவாசலாகவும் சாலைப் பெயராகவும் நிற்கிறார். 'கப்பித்தான்' போர்த்துகீசியச் சொல். ஷாபந்தர் வேலையில் பாதியை வேறு மொழிப் பெயரில் செய்தவர் என்று அவரைச் சொல்லலாம். தெற்கே போகாமல் கிழக்கே கோலத் திரெங்கானு போனால், தீவுக்குப் படகு ஏறுகிற இடமே ஷாபண்டார் ஜெட்டி.

இனி தமிழில் என்ன எழுதுவது? நம்மிடம் கடல் வணிகச் சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. சுங்கத்துக்குக் குறளிலேயே 'உல்கு' இருக்கிறது. பட்டினப்பாலையில் சரக்கு மூட்டைகளில் புலி முத்திரை குத்துகிறார்கள். சுமத்திராவின் பாருஸில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் தங்கள் பட்டினத்துக்கு வருகிற கப்பல்களிடம் பொன்னாகத் தீர்வை வாங்கியதைச் சொல்கிறது, கப்பல் தலைவனுக்கு அதில் மரக்கல நாயன் என்று பெயர். ஷாபந்தருக்கு நேரான ஒற்றைப் பழஞ்சொல்லை நான் இதில் தேடவில்லை, ஏனென்றால் அங்கே வணிகர் குழுவே தீர்வை வாங்கியது, மலாக்காவில் அரசனுக்கும் வணிகருக்கும் நடுவில் ஒரு ஆள் நின்றார். ஆனால் அந்த 'நாயன்' கைகொடுக்கிறது. மரக்கலத்துக்கு நாயன் என்றால் துறைக்கு 'துறைநாயகர்'. அதிகாரி என்ற சொல்லில் உள்ள அலுவலக வாடை இதில் இல்லை, ஆள்கிறவர், காப்பவர் இரண்டும் நாயகரில் உண்டு. 'துறைத்தலைவர்' எளிமையானது, கெட்டுப்போகாது, ஆனால் இன்று துறைத்தலைவர் என்றால் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவரைத்தான் தேடுவார்கள்.

ஆகவே மலாக்கா, பாந்தன் போன்ற இடங்களுக்கு முதல் முறை 'ஷாபந்தர் என்ற துறைநாயகர்' என்று எழுதிவிட்டு அப்புறம் துறைநாயகர் என்றே தொடரலாம். தேர்வுத் தாளில் மட்டும் ஷாபந்தரை விடாதீர்கள், திருத்துகிறவர் அந்தச் சொல்லைத்தான் தேடுவார். கெய்ரோவுக்கு 'வணிகர் தலைவர்'. கடைசிக்கால உஸ்மானியருக்குத் 'துணைத் தூதர்'. டச்சு மலாக்காவுக்கும், இந்தோனேசியாவில் இன்றும் இதே பட்டத்தோடு கப்பலுக்குப் புறப்பாட்டு அனுமதி தருகிறவருக்கும் பழைய 'துறைமுக அதிகாரி'யே சரி. எழுத்துக்கூட்டலில் இங்கே நம்மவர்கள் மலாய் உச்சரிப்பில் 'ஷாபண்டார்' என்றும் எழுதுகிறார்கள், மலாக்காவை மட்டும் பேசும்போது அதில் குற்றமில்லை. ஒரே கட்டுரையில் சூரத்தும் கெய்ரோவும் வந்தால் 'ஷாபந்தர்' என்று ஒரே மாதிரி எழுதுங்கள், இல்லாவிட்டால் படிக்கிறவர் இரண்டு வெவ்வேறு பதவி என்று நினைத்துவிடுவார்.